மாமா விட்டுச் சென்ற இரண்டு ஷாஃப்டுகள்

மாமா இறந்து ஓராண்டு ஆகிறது. திதி முடிந்த மறுநாள், ஈப்போ வீட்டின் பின்கட்டு ஸ்டோரை ஒதுக்கலாம் என்று அத்தை சொன்னார். கூரை ஒழுகி, ஒரு பக்கச் சுவரே ஊறிப்போயிருந்தது. பழைய பிஸ்கட் டின்களில் நட்டும் போல்ட்டும், மண்ணெண்ணெய் மணக்கும் சாக்குப் பைகள், கைப்பிடி உடைந்த ஸ்பேனர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கித்தான் துணியில் சுற்றி சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய நீளமான ஒரு பொட்டலம்.

அவிழ்த்தோம். கிரீஸ் பூசிய இரண்டு கேம்ஷாஃப்டுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை முழம் இருக்கும். துரு இல்லை. எந்தக் குறியும் இல்லை. எண்ணோ எழுத்தோ கம்பெனி முத்திரையோ எதுவுமே இல்லை.

"இதானே அது!" என்றான் மச்சான்.

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் 'அது' எது என்று தெரியும். மாமா இளம் வயதில் ஈப்போவில் ஒரு வெள்ளைக்காரர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1962-இல் பட்டறைக்காரர்களோடு சிங்கப்பூருக்குப் போய் கார் பந்தயம் பார்த்தவர். அந்தப் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவாரின் கேம்ஷாஃப்டுகள்தாம் இவை என்பது தீபாவளிக்குத் தீபாவளி நாங்கள் பேசிக்கொள்ளும் கதை.

கதையில் பாதி சரித்திரம். சிங்கப்பூரில் தாம்சன் சாலையையும் அப்பர் தாம்சன் சாலையையும் சேர்த்து, ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் சுற்றில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. பேருந்து ஓடும் அதே சாலைதான். 1962-இல் அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர். அந்த ஆண்டு வென்றவர் யோங் நாம் கீ. அவர் ஓட்டியது ஜாகுவார் இ-டைப். இதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் எங்கள் கித்தான் பொட்டலத்தைப் பற்றித்தான்.

அந்தச் சந்தேகத்துக்கு இப்போது ஒரு விலையும் வந்துவிட்டது. கோலாலம்பூரில் பழைய இ-டைப் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர், யார் வழியாகவோ கேள்விப்பட்டு மச்சானை அழைத்தார். "இ-டைப் ஷாஃப்ட் என்றால் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பந்தயக் காரின் ஷாஃப்ட் என்றால் மூன்று மடங்கு தருகிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும்" என்றார். மூன்று மடங்கு வந்தால் அத்தையின் கூரை முழுக்க மாறிவிடும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகள் இயந்திரப் பட்டறையில் அளவெடுத்தே சாப்பிட்டவன் நான். "நீயே பார்த்துச் சொல்லு தம்பி" என்றார் அத்தை.

மச்சானின் மகள் கணக்காய்வு வேலையில் இருப்பவள். மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணை போட்டாள். இரண்டே பத்திகள். ஒன்றின் தலைப்பு 'கேட்டது'. மற்றதன் தலைப்பு 'அளந்தது'. முதல் பத்தி ஐந்து நிமிடத்தில் நிரம்பியது. இரண்டாவது பத்தி காலியாக இருந்தது.

இன்ஜினின் மூச்சு

கேம்ஷாஃப்ட் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இன்ஜின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாக. ஒரு வால்வு திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். இன்னொரு வால்வு திறந்து புகை வெளியே வரும். எந்த வால்வு எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தண்டுதான். அதன் மேல் முட்டை வடிவத்தில் புடைத்த துண்டுகள் இருக்கும். அவைதாம் கேம்கள். முட்டையின் கூரான பக்கத்தைப் பட்டறையில் மூக்கு என்போம். அதற்கு எதிர்ப்பக்கம் வட்டமாக இருப்பது அடிவட்டம். தண்டு சுழலும்போது மூக்கு வந்து வால்வைக் கீழே தள்ளும். அடிவட்டம் வரும்போது வால்வு மூடிக்கொள்ளும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 2,500 சுற்று சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் திறந்து மூடும். அத்தனை வேகத்தில், மூக்கின் உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் இன்ஜினின் குணமே மாறிவிடும்.

ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்-கே இன்ஜினில் இத்தகைய தண்டுகள் இரண்டு உண்டு. ஒன்று உள்ளிழுக்கும் வால்வுகளுக்கு, மற்றது புகை வால்வுகளுக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் காவண்ட்ரி நகரில், குண்டுவீச்சால் தீப்பிடித்தால் அணைக்க இரவில் காவல் இருந்த வேளைகளில் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களும் பேசிப் பேசி உருவாக்கிய திட்டம் அது. 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எக்ஸ்-கே 120 என்ற காரில் அது வெளிவந்தது. 3,442 சி.சி., ஆறு சிலிண்டர். அதே குடும்பத்து இன்ஜின்கள் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றன. 1992 வரை அந்த இன்ஜின் உற்பத்தியில் இருந்தது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். அந்த இன்ஜினில் வால்வைத் தள்ளும் உயரத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதலில் வந்த எக்ஸ்-கே 120, தொடக்ககால மார்க் 7 சலூன், பிறகு வந்த 2.4 லிட்டர் சலூன் ஆகியவற்றில் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கூடுதல் சக்திக்காக வந்த மற்றது 3/8 அங்குலம், 9.53 மில்லிமீட்டர். 1961-இல் வந்த இ-டைப்பில் தொடக்கம் முதலே 3/8 அங்குல ஷாஃப்ட்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. எங்கள் கதை நிற்பதும் விழுவதும் அந்த இடைவெளியில்தான்.

தண்டைப் பேச வைப்பது

முதலில் கண்ணால் பார்த்தோம். ஒவ்வொரு தண்டிலும் ஆறு கேம்கள், நான்கு தாங்கிப் பகுதிகள். எக்ஸ்-கே தண்டு நான்கு பேரிங்குகளில்தான் உட்காரும். மைக்ரோமீட்டரில் தாங்கிப் பகுதியின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. அதுவும் பொருந்தியது.

பிறகு தண்டின் முனையில் இருந்து நேராகப் பார்த்தோம். மூக்குகள் 60 பாகைக்கு ஒன்றாக, பூ இதழ்போல் ஆறு திசைகளில் விரிந்திருந்தன. முதல் கேமும் ஆறாவது கேமும் நேர் எதிரெதிராக இருந்தன. இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. 1-5-3-6-2-4 என்ற வெடிப்பு வரிசைக்கு இப்படித்தான் வரும். ஜாகுவார்காரர்கள் முதல் சிலிண்டர் என்று எண்ணுவது மற்றவர்களைப் போல முன்னால் இருப்பதை அல்ல, கியர்பாக்ஸ் பக்கம் கடைசியில் இருப்பதை. நல்ல வேளையாக இந்த வரிசையை எந்த முனையில் இருந்து எண்ணினாலும் ஒன்றாகவே வரும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஆனால் இது பெரிய சாட்சி இல்லை. உலகில் உள்ள பெரும்பாலான ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின்களுக்கும் இதே வரிசைதான். 'ஆறு சிலிண்டர்' என்று அது சொல்லும். 'யாருடைய ஆறு' என்று சொல்லாது.

இரண்டு தண்டுகளிலும் முன்முனைக்கு அருகே ஒரு வெட்டு இருந்தது. நேரம் அமைக்கும்போது கேஜைப் பொருத்துவதற்கான வெட்டு அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டு மேலே பார்க்கும்படி திருப்பினோம். முன்முனைக் கேமின் மூக்கு ஒன்றில் இடப்பக்கம் சாய்ந்தது. மற்றதில் அதே அளவு வலப்பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல. ஆக, ஒன்று உள்ளிழுக்கும் தண்டு, மற்றது புகைத் தண்டு. ஜோடிதான்.

அடுத்தது உயரம். சில இன்ஜின்களில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் என்ற நெம்புகோல் இருக்கும். அங்கே கேமின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது, நெம்புகோல் கணக்கையும் சேர்க்க வேண்டும். எக்ஸ்-கே இன்ஜினில் அந்தத் தொல்லை இல்லை. கேம் நேராக ஒரு வாளி வடிவ டேப்பட்டைத் தள்ளும். டேப்பட் வால்வைத் தள்ளும். ஆகவே கேமின் உயரம்தான் வால்வின் உயரம், இடைவெளியை மட்டும் கழித்தால் போதும்.

வழி எளிது. மூக்கின் நுனியில் இருந்து அடிவட்டத்தின் அடி வரை மைக்ரோமீட்டரில் ஓர் அளவு எடுங்கள். பிறகு கேமைக் கால் சுற்று திருப்பி, அடிவட்டத்தின் குறுக்களவை எடுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது உயரம். மகள் எண்களைத் தட்டிக்கொண்டே வந்தாள். முதல் தண்டில் ஆறு கேம்களும் 7.9-ஐ ஒட்டியே நின்றன. இரண்டாவது தண்டில் ஐந்து கேம்கள் 7.9, ஒன்று மட்டும் 7.7.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "மாமா, இது 9.5 இல்லையே?"

"இல்லைம்மா."

"தேஞ்சிருக்கலாம் இல்லையா?"

நல்ல கணக்காய்வாளர் ஓர் எண்ணைப் பார்த்ததும் நம்பிவிட மாட்டார். அவளும் விடவில்லை. "அறுபது வருசத்துப் பொருள். 9.5 இருந்தது தேஞ்சி 7.9 ஆயிருக்கலாம் இல்லையா?"

கேட்க வேண்டிய கேள்வி. கேம் தேயும்தான். ஆனால் எல்லாக் கேம்களும் ஒன்றுபோல் தேயாது. ஒன்றுக்கு எண்ணெய் சரியாகப் போயிருக்காது, ஒன்றின் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும். இரண்டாவது தண்டில் 7.7 காட்டிய கேம்தான் உண்மையான தேய்மானம். அதன் மூக்கு நுனி தட்டையாகி, விரல் நகத்தால் தடவினால் ஓரத்தில் ஒரு விளிம்பு தட்டியது. மற்றவை மழமழவென்று இருந்தன. பதினொரு கேம்கள் ஒன்றுபோல் 1.6 மில்லிமீட்டர் தேய்ந்து, அதற்குப் பிறகும் மழமழப்பாக இருக்க வழியே இல்லை. அதனால்தான் ஒரே ஒரு கேமை அளந்து தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்த 7.7-ஐ மட்டும் அளந்திருந்தால் நான் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு ஷாஃப்டைத் தேடி அலைந்திருப்பேன்.

"சரி, யாராவது சாணை பிடிச்சு மாத்தியிருந்தா?"

இதுவும் நடப்பதுதான். பழைய தண்டைச் சாணை பிடித்து வேறு வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். உயரத்தைக் கூட்ட வேண்டுமானால் மூக்கில் இரும்பை ஒட்ட முடியாது, அடிவட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். அப்படிச் செய்த தண்டில் உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். அடிவட்டத்தையும் விசாரிக்க வேண்டும்.

அதை விசாரிக்க, மெங்லெம்புவில் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கும் என் சீன நண்பரின் பட்டறைக்குப் போனோம். அவரிடம் எக்ஸ்-கே இன்ஜினின் மேல்தலை ஒன்று மேசை மேல் இருந்தது. தண்டை எண்ணெய் தடவி நான்கு பேரிங்குகளிலும் வைத்தார். மூடிகளை இறுக்கினார். இரண்டு விரலால் சுழற்றினார். முனகாமல் சுற்றியது. இது ஜாகுவார்தானா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

பிறகு அடிவட்டம். இந்த இன்ஜினில் டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்னத் தகடு இருக்கும். ஷிம் என்பார்கள். 0.085 அங்குலம் முதல் 0.110 அங்குலம் வரை, ஆயிரத்தில் ஓர் அங்குலம் கூடிக்கொண்டே போகும் 26 கனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஏ முதல் இசட் வரை. இ-டைப் கையேட்டின்படி உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.004 அங்குலமும், புகை வால்வுக்கு 0.006 அங்குலமும் இடைவெளி இருக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான எழுத்தைத் தேர்ந்து போடுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மிக மெல்லிய ஷிம்முக்கும் மிகக் கனமான ஷிம்முக்கும் வித்தியாசம் 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர்தான். 5/16 தண்டைச் சாணை பிடித்து 3/8 ஆக்க வேண்டுமானால் அடிவட்டத்தின் ஆரத்தில் 1.6 மில்லிமீட்டர் போய்விடும். ஏ முதல் இசட் வரை எந்த எழுத்தைப் போட்டாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. எங்கள் தண்டுகளுக்கோ நடு எழுத்து ஷிம்களிலேயே இடைவெளி சரியாக வந்தது. அடிவட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை.

கடைசியாக, திறந்திருக்கும் நேரம். தண்டின் முனையில் பாகைத் தட்டைப் பொருத்தி, டயல் கேஜை வைத்து, ஐந்து பாகைக்கு ஒரு முறை படித்தோம். இங்கே ஒரு நுணுக்கம். டயல் கேஜின் நுனி கூராக இருக்கக் கூடாது. கேம் உரசுவது தட்டையான டேப்பட்டில் என்பதால் கேஜின் நுனியும் தட்டையாக இருக்க வேண்டும். கூர்நுனி வைத்தால் உச்சி உயரம் சரியாக வரும், ஆனால் எப்போது திறந்தது எப்போது மூடியது என்ற கணக்கு பொய்யாகிவிடும். வால்வு திறந்திருந்தது மூக்கின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 63 பாகை, மொத்தம் 126. இன்ஜின் கணக்கில் இரண்டு மடங்கு, 252. கையேட்டில் உள்ளிழுக்கும் வால்வு 15 பாகை முன்னதாகத் திறந்து 57 பாகை பின்னால் மூடும் என்று இருக்கும். நடுவில் உள்ள 180-ஐச் சேர்த்துக் கூட்டினால் அதே 252.

பொருந்தியது என்று மகள் மகிழ்ந்தாள். ஆனால் 3.8 லிட்டர் இ-டைப் கையேட்டிலும் அதே 15, அதே 57 தான். நேரத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது உயரம் ஒன்றுதான்.

நண்பர் மைக்ரோமீட்டரை வாங்கி ஒரு முறை தானே அளந்தார். தலையை ஆட்டினார். "லீமா பெர் எனாம் பெலாஸ்" என்றார். பதினாறில் ஐந்து. எந்த மொழியில் சொன்னாலும் அது எட்டில் மூன்று ஆகாது.

அத்தை சொன்னது

திரும்பி வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. ஜெயித்த கார் இ-டைப். இ-டைப்பில் 5/16 தண்டு வந்ததில்லை. பந்தயத்துக்குப் போகிறவர் உயரத்தைக் கூட்டப் பார்ப்பாரே தவிர, யாரும் குறைத்துப் போட மாட்டார். கதை விழுந்துவிட்டது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

"யாருக்குத் தெரியப்போகுது?" என்று மச்சான் மெல்ல ஆரம்பித்தான். "எண்ணும் இல்ல, எழுத்தும் இல்ல. அப்பா சொன்னாருன்னு சொன்னா முடிஞ்சிச்சு."

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒழுகுவது அவன் அம்மாவின் கூரை. ஆனால் அந்தத் தண்டைப் போட்டு இன்ஜினை மூடிய பிறகு வாங்கியவருக்கு என்ன தெரியும்? கார் ஓடும். சக்தி மட்டும் வராது. கார்பரேட்டரைக் குறை சொல்வார், இக்னிஷனைக் குறை சொல்வார், மெக்கானிக்கை மாற்றுவார். கேமை மட்டும் சந்தேகிக்க மாட்டார். ஏனென்றால் அது 'ஜெயித்த காரின் ஷாஃப்ட்'. ஒரு பொய்க் குறி, குறி இல்லாததைவிட மோசம். குறி இல்லாத பொருளை அடுத்தவர் அளந்தாவது பார்ப்பார். பெயர் எழுதிய பொருளை யாரும் அளப்பதில்லை.

அத்தையிடம் நானே சொன்னேன். எண்களைக் காட்டி, சுற்றி வளைத்து, மாமாவின் பெயருக்கு இழுக்கு வராமல் சொல்லப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஜெயிச்ச கார்ல இருந்துச்சுன்னு உங்க மாமா எப்பவும் சொன்னதில்லையே தம்பி. சிங்கப்பூருக்கு ரேஸ் பார்க்கப் போன வருசம் இது கிடைச்சிச்சுன்னு சொல்வாரு. ஜெயிச்ச காரை ஓரமா நின்னு தொட்டுப் பார்த்தேன்னு சொல்வாரு. ரெண்டையும் ஒண்ணாக்கினது நீங்க எல்லாரும்தான்."

மச்சான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எந்தத் தீபாவளியில், யார் வாயில் அந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றாயின என்று இனி கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். மாமா சொன்னதை நாங்கள் விசாரித்தோம். மாமா என்ன சொன்னார் என்பதை விசாரிக்கவே இல்லை. அதைத் தெரிந்தவர் அறுபது ஆண்டாக அதே வீட்டில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு இவை எப்படிக் கிடைத்திருக்கும்? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பழைய 5/16 இன்ஜின் வைத்திருந்தவர்கள் கூடுதல் சக்திக்காக 3/8 தண்டுகளை வாங்கி மாற்றிக்கொள்வது உண்டு. எஸ்டேட் துரை யாரோ ஒருவரின் காரில் அப்படி மாற்றியிருப்பார்கள். நல்ல தண்டு காருக்குள் போயிருக்கும். கழற்றியது மேசையில் கிடந்திருக்கும். எடுபிடிப் பையன் கேட்டிருப்பான், எடுத்துக்கொள் என்றிருப்பார்கள். பட்டறைகளில் நான் பார்த்தவரை, ஸ்டோரில் மிஞ்சுவது பெரும்பாலும் கழற்றிப் போட்டதுதான்.

விலையும் சீட்டும்

கோலாலம்பூர்காரரை அன்று மாலையே அழைத்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குத் தேவைப்படாது. ஆனால் சொன்னதற்கு நன்றி" என்றார். எப்படி அளந்தோம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வேறு ஒருவர் அழைத்தார். அந்தக் கோலாலம்பூர்காரர் எண் கொடுத்ததாகச் சொன்னார். இவரிடம் இருப்பது எக்ஸ்-கே 120. எப்போதோ யாரோ 3/8 தண்டுகளைப் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்தபடியே வேண்டும், 5/16 ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒரு கேம் 0.2 மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதையும் சொன்னோம். அதற்கும் சேர்த்து விலை பேசினார். மூன்று மடங்கு கிடைக்கவில்லை. கூரையில் பாதிக்கு ஆனது. மீதியை மச்சானும் நானும் போட்டோம்.

உங்கள் வீட்டு ஸ்டோரிலும் இப்படி ஏதாவது இருக்கும். தையல் இயந்திரப் பாகமோ, பால்மரச் சீவுளியோ, பின்னால் பெயர் எழுதாத கல்யாணப் புகைப்படமோ. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துடைத்துப் பளபளப்பாக்கும் முன் படம் எடுங்கள். சுற்றியிருந்த துணியை எறியாதீர்கள். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். கேட்டது ஒரு பக்கம், யாரிடம் கேட்டது என்பதோடு. அளந்தது, பார்த்தது இன்னொரு பக்கம். இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கேட்டதை எறிந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு உரிய பத்தியில் அது இருக்கட்டும். சொல்லக்கூடியவர் வீட்டில் இன்னும் இருந்தால், தாளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தண்டுகளை அனுப்பும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டினோம். பன்னிரண்டு கேம்களின் அளவு, தேய்ந்த கேம் எது, அளந்த தேதி. 'எந்தக் காரில் இருந்தது' என்ற இடத்தை மகள் காலியாக விட்டாள்.

அத்தை சீட்டை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு நாள் யார் வச்சிருந்தான்னு எழுத இடம் இருக்கா?" என்று கேட்டார்.

இடம் இருந்தது. மாமாவின் பெயரை அவரே எழுதினார்.